கிறிஸ்துமஸ் மெட்டும் திருக்காவலூர் விருத்தமும்

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூருக்கு அண்மையில் அமைந்த ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் அரசு ஆவணங்களில் பலமுறை மாவட்டம் மாறியது. நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுள் அடங்கியது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. மறு ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு இணைந்தது. 2007இல் திரும்பவும் தனித்து நின்றது. இம்மாற்றங்களின் முடிவில் ஏலாக்குறிச்சி அரியலூருக்கு உரியதாயிற்று. இலக்கியத்தில் மட்டும் அதற்கு மாறாத பெயர் ஒன்று உண்டு. அது திருக்காவலூர். அங்கே அடைக்கல அன்னைக்குக் கோயில் எடுத்து, அவ்வூர் மேல் கலம்பகம் பாடி, அப்பெயரைத் தமிழில் நிலைநிறுத்தியவர் வீரமாமுனிவர் எனப்படும் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி.

1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியில் மாந்துவாவை அடுத்த காஸ்திக்லியோனே என்னும் ஊரில் பிறந்த முனிவர், 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் மலையாள நாட்டு அம்பலக்காட்டில் மறைந்தார். அதே ஆண்டு ஜூன் திங்களில், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வாழ்ந்த யோஹான் செபஸ்தியான் பாக் இசையறிஞர் கழகம் ஒன்றில் உறுப்பினராகச் சேர்ந்தார். பாக் முனிவரைவிட ஐந்தாண்டு இளையவர். கழகத்தில் சேர்ந்தபோது அவர் அளித்த படைப்பு, பழைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றன் மெட்டை அடிப்படையாகக் கொண்டு ஆர்கன் கருவிக்கு இயற்றிய ஐந்து மாற்றுருக்கள் ஆகும். முனிவரோ 1726ஆம் ஆண்டிலேயே அதே பிறப்பைத் தேம்பாவணியில் விருத்தங்களாகப் பாடி முடித்திருந்தார். லைப்சிக்கில் இயற்றப்பட்டது சொல் இல்லாத இசை. திருக்காவலூர் முனிவர் இயற்றியது இசைக்குறிப்பு இல்லாத சொல். ஒரு காலத்தவராகிய இருவர் ஒரு பொருளை இருவேறு வழியில் கையாண்ட இச்செய்தி இசையாராய்ச்சியாளர்க்கு மட்டும் உரியதன்று. மெட்டுக்குச் சொல் அமைப்பதா, சொல்லிலிருந்தே ஓசை பிறக்க விடுவதா என்று இன்றும் எண்ணிப் பார்க்கும் கவிஞர்க்கே அது பெரிதும் உரியது.

பாக் எடுத்துக்கொண்ட பாட்டின் வரலாறு சுவையானது. 'ஃபோம் ஹிம்மெல் ஹோக்' என்று தொடங்கும் அப்பாட்டை மார்ட்டின் லூத்தர் தம் குழந்தைகள் கிறிஸ்துமஸ் நாளில் பாடுவதற்காக எழுதினார் என்பர். அது 1535இல் அச்சேறியது. பதினைந்து கண்ணிகள் கொண்டது. விண்ணின் உயரத்திலிருந்து நற்செய்தியோடு இறங்கி வரும் வானவன் பேசுவதாக அதன் தொடக்கம் அமைந்துள்ளது. முதற்பதிப்பில் அது தெருவில் வழங்கிய நாட்டுப்பாட்டு ஒன்றன் மெட்டில் அமைந்திருந்தது. அந்த நாட்டுப்பாட்டு ஒரு விடுகதைப் பாட்டு. அயல்நாட்டிலிருந்து செய்தி கொண்டு வந்திருப்பதாகச் சொல்லும் இளைஞன் விடுகதை போடுவான். விடை கூற இயலாத பெண் தன் மலர்மாலையை அவனுக்குக் கொடுக்க வேண்டும். செய்தி கொண்டு வருபவன் என்னும் அந்த ஒரு குறிப்பைப் பற்றிக்கொண்டு, காதல் விளையாட்டின் மெட்டிலே வானவனைப் பேச வைத்த துணிவு பாராட்டத்தக்கது. 1539இல் அப்பாட்டுக்குப் புதிய மெட்டு ஒன்று வந்தது. லூத்தரே அமைத்தது என்று கூறப்படும் அம்மெட்டுத்தான் பின்னர் உலகெங்கும் பரவியது.

புதிய மெட்டு மிக எளியது. நான்கு அடிகள், அடிக்கு எட்டு அசைகள். தமிழிசை மரபில் சொல்வதாயின் சங்கராபரணச் சுரங்களில் அமைந்தது. மேல் ஸட்ஜத்தில் எடுத்து, நான்காம் அடியின் இறுதியில் கீழ் ஸட்ஜத்தில் வந்து நிற்கிறது. வானிலிருந்து இறங்கும் செய்தியை மெட்டே இறங்கிக் காட்டுகிறது எனலாம்.

இத்தகைய எளிய மெட்டு ஒன்றை எடுத்து ஆர்கனுக்கு விரிவாக இயற்றுவது பரோக் கால இசையாசிரியர்களின் அன்றாடத் தொழில். ஆர்கன் என்பது துருத்தியால் திரட்டிய காற்றை நூற்றுக்கணக்கான குழல்களில் செலுத்தி ஒலிக்கும் பேரிசைக் கருவி. கைகளுக்கு இரண்டு அல்லது மூன்று கட்டை வரிசைகள் இருக்கும். கால்களுக்குத் தனி வரிசை ஒன்று இருக்கும். ஆலயத்தில் மக்கள் பாடத் தொடங்குமுன் வரப்போகும் பாட்டை அறிவிக்கும் முகப்பாக ஆர்கன் வாசிப்பவர் அம்மெட்டைப் பலவாறு பின்னி இசைப்பார். நியூரம்பர்க் நகரத்து யோஹான் பாக்கெல்பெல் கையாண்ட முறை இவற்றுள் தெளிவானது. மெட்டின் ஓர் அடி வருமுன் அதன் சுரங்களையே விரைவு நடையில் ஒரு குரல் தொடங்கும். அதையே இன்னொரு குரல் பின்தொடரும். மூன்றாவதும் சேர்ந்தபின் உண்மையான மெட்டு நீண்ட சுரங்களில் தலைமையோடு நுழையும். அடுத்த அடிக்கும் இவ்வாறே. அரசன் வருமுன் கட்டியக்காரர் வந்து பெயர் கூவுவது போன்றது இம்முறை.

பல்லவி பாடுவோர் ஒரே வரியை ஒரு காலம், இரண்டு காலம், மூன்று காலம் என்று நடை மாற்றி நிறுத்துவதை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. வேறுபாடு ஒன்றே. பல்லவியில் காலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆர்கனிலோ ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. பாக்கின் படைப்பில் இது உச்சத்தை அடைந்தது. முதல் மாற்றுருவில் மெட்டு கால்கட்டைகளில் நிதானமாக நடக்க, இரு கைகளும் ஒரே சொற்கட்டைச் சிறு இடைவெளி விட்டு, ஒரு ஸ்தாயி தள்ளி, ஒன்றையொன்று பின்தொடர்கின்றன. இரண்டாவதில் பின்தொடரும் குரல் ஐந்தாம் சுரம் தள்ளியும், மூன்றாவதில் ஏழாம் சுரம் தள்ளியும் வருகிறது. நான்காவதில் பின்வரும் குரல் அதே சுரங்களை இருமடங்கு காலத்தில் இசைக்கிறது. ஆகவே முன்செல்பவன் ஓடுகிறான், பின்வருபவன் நடக்கிறான், ஆயினும் இருவரும் பிசகாமல் ஒத்துச் செல்கின்றனர். ஐந்தாவதில் மெட்டின் ஏற்றம் இறக்கமாகவும் இறக்கம் ஏற்றமாகவும் கண்ணாடி நிழல்போல் தலைகீழாகிப் பின்தொடர்கிறது. முடிவில் நான்கு அடிகளும் ஒருங்கே ஒலித்து ஓய்கின்றன.

இதனை வெறும் கணக்கு வேலை என்று ஒதுக்கியோர் ஐரோப்பாவிலும் உண்டு. தமிழ்ப் புலவர் அவ்வாறு ஒதுக்க இயலாது. திருஞானசம்பந்தர் ஓரடியையே நான்கு முறை மடக்கி நான்கு பொருள் கொள்ள ஏகபாதம் பாடினார். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் மாலைமாற்றும் பாடினார். பக்தியும் கணக்கும் ஒரே பாட்டில் குடியிருக்கக் கூடும் என்பதற்குத் தமிழில் லைப்சிக்குக்கு ஆயிரம் ஆண்டு முந்திய சான்று அது. ஏகபாதத்தில் சொல் மாறாமல் பொருள் மாறுகிறது. பாக்கின் மாற்றுருக்களில் மெட்டு மாறாமல் அதன் சூழல் மாறுகிறது. இரண்டிலும் மாறாத ஒன்றைக் கேட்போர் நன்கறிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பாக் சேர்ந்த கழகத்தைப் பற்றியும் ஒரு சொல். லோரன்ஸ் கிறிஸ்டோஃப் மிட்ஸ்லர் என்பவர் 1738இல் தொடங்கிய அக்கழகத்தின் உறுப்பினர்கள் பெரும்பாலும் கடிதத்தாலேயே கூடினர். டெலெமான் அதில் உறுப்பினர். ஹாண்டல் சிறப்புறுப்பினர். பாக் பதினான்காமவர். பெரிய அரங்கும் கைதட்டலும் இல்லாத, தொழில் தெரிந்த சிலர் முன் நிகழ்ந்த அரங்கேற்றம் அது. இலக்கிய வட்டங்களில் கவிதை படித்தவர்கள் அதன் நடுக்கத்தை அறிவார்கள். அத்தகைய அவைக்குப் புத்தம் புதிய மெட்டொன்றை எடுத்துச் செல்லாமல், ஊர்க்குழந்தை ஒவ்வொன்றும் அறிந்த கிறிஸ்துமஸ் பாட்டை அவர் எடுத்துச் சென்றது கருதத்தக்கது. அம்மெட்டை அவர் அதற்குமுன் 1734ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இசைநாடகத்தில் மூன்றிடங்களில் ஆண்டிருந்தார். இளமையில் ஆர்கனுக்கும் சிறு முகப்பு ஒன்று எழுதியிருந்தார்.

வீரமாமுனிவர் பிறந்த இத்தாலியில் கிறிஸ்துமஸ் ஆர்கன் இசை வேறு முகம் கொண்டது. கிறிஸ்துமஸை ஒட்டி மலைநாட்டு இடையர் ரோமாபுரிக்கு இறங்கி வந்து, தெருமுனைகளில் உள்ள அன்னையின் திருவுருவங்களுக்கு முன் தோற்பைக் குழலும் சீவாளிக் குழலும் இசைப்பது வழக்கம். ஒருவர் மெட்டு வாசிப்பார். தோற்பைக் குழல் ஓயாத சுருதி பிடிக்கும். நாகசுரத்துக்கு ஒத்துப் பிடிப்பது போன்ற அமைப்பு அது. அவ்விசையைக் கேட்ட ஆர்கன் ஆசிரியர்கள் கால்கட்டையில் ஒரே சுரத்தை அழுத்தி நிறுத்தி, மேலே மும்மூன்றாகத் தாலாட்டும் நடையில் மெட்டை அசைய விட்டார்கள். இடையர் இசை என்னும் பொருளில் அதற்குப் 'பாஸ்தோரலே' என்று பெயர். பிரெஸ்கோபால்டி 1637இல் அவ்வகையில் ஒன்றை வெளியிட்டார். ஆர்கெஞ்சலோ கொரெல்லியின் கிறிஸ்துமஸ் இரவுக்கான இசையும் அத்தகைய பகுதியோடு முடிகிறது. அது 1714இல் அச்சேறியபோது முனிவர் தமிழகம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்விடத்தில் இன்னொருவரை அறிமுகம் செய்வது பொருந்தும். அவர் டொமெனிக்கோ சிப்போலி. 1688இல் பிராத்தோ நகரில் பிறந்து, ரோமாபுரியில் இயேசு சபையாரின் தலைமை ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். 1716இல் அவர் வெளியிட்ட இசைத்தொகுதியில் அழகிய பாஸ்தோரலே ஒன்று உள்ளது. புகழ் தொடங்கிய அந்த ஆண்டிலேயே இயேசு சபையில் சேர்ந்து, 1717இல் கப்பலேறித் தென் அமெரிக்கா சென்றார். அங்கே சபையாரின் ஊர்களில் ஆர்கன்கள் இருந்தன. அந்நாட்டு மக்களே கருவி செய்து பாடகர் குழுவும் நடத்தினர். சிப்போலி அவர்களுக்காக இசை எழுதினார். 1726ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் கொர்தோபா நகரில் மறைந்தார். அவர் மறைந்த அதே ஆண்டில் தேம்பாவணி நிறைவுற்றது. ஒரே நாட்டிலிருந்து, ஒரே சபையிலிருந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு கடல்களைக் கடந்த இருவரில் ஒருவர் ஆர்கன் இருந்த நாட்டுக்குப் போனார். மற்றவர் வந்த இடத்தில் அது இல்லை.

அது ஏன் இல்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் கூறலாம். ஒன்று பருப்பொருள் சார்ந்தது. மதுரைப் பணித்தளத்தின் கோயில்கள் பல மண்சுவரும் கூரையும் கொண்டவை. கரையானும் மழைக்காலத்து ஈரமும் ஆர்கனின் தோல் துருத்திக்கும் மரப்பெட்டிக்கும் பகை. மற்றது கொள்கை சார்ந்தது. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தது முதல் அப்பணித்தளத்தார் பரங்கியர் என்னும் அடையாளத்தை விலக்கி, துறவிக் கோலத்தில், தமிழ் கற்றோர் மதிக்கும் முறையில் வாழ முற்பட்டனர். அத்தகைய வாழ்வில் ஆர்கன் ஒலிப்பது பரங்கித்தனத்தைப் பறையறைவது போலாகும். ஆகவே முனிவர் தம் நாட்டுக் கிறிஸ்துமஸின் ஒலியைக் கரையிலேயே விட்டுவிட வேண்டியிருந்தது. அது சிறிய இழப்பன்று. ஒருவர் உடையை மாற்றலாம், உணவை மாற்றலாம். குழந்தைப் பருவத்து விழாநாளின் மெட்டை மாற்றுவது எளிதன்று.

அம்மெட்டின் இடத்தில் அவர் வைத்தது விருத்தம். தேம்பாவணி மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். வளன் எனப் பெயர் தந்து புனித சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கியது அது. வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களின் அணி என்றும் அப்பெயருக்கு இருபொருள் கூறுவர். ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிர்தா மரியாளின் நூலை அது பெரிதும் தழுவியது. ஆனால் யூதேயா நாட்டை அது பாடும் முறை கம்பன் கோசலத்தைப் பாடிய முறை. மேகம் கடலை உண்டு மலையில் பொழிகிறது. வெள்ளம் வயலுக்கு வருகிறது. கொள்ளிடக் கரையில் இருந்தவர்க்கு அந்த வெள்ளம் ஏட்டில் மட்டும் கண்டதன்று. திருமகன் பிறப்பு முதற்காண்டத்து மகவருள் படலத்தில் வருகிறது. பெத்லகேம் குகையை ஒரு தமிழ்க் காப்பியத்துக்குள் கொண்டுவருவதற்கு முன் ஒன்பது படலங்களால் அவர் பாதை அமைத்தார். கட்டியக்காரரை முன்விட்டுத் தலைமை மெட்டைப் பின் கொண்டுவரும் ஆர்கன் முறையை இது நினைவூட்டக்கூடும். எனினும் காப்பிய மரபே அவ்வாறுதான் செல்லும் என்பதை மறந்து, இதற்கு இத்தாலிய மூலம் தேடுவது வீண் முயற்சி.

'பரோக்' என்னும் சொல்லைத் தேம்பாவணியின் மேல் ஒட்டுவோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். அச்சொல் வடிவம் ஒழுங்கற்ற முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பர். தமிழகத்து முத்துக்குளித்துறையில் முத்து வாங்கிய வணிகரின் மொழி அது என்பது ஒரு வேடிக்கை. அணி மிகுந்தது, அடுக்கு மிகுந்தது என்பதற்காக ஒரு நூலை அப்பெயரால் அழைப்பதாயின், அதற்கு முந்திய தமிழ்ச் சிற்றிலக்கியங்களில் பாதிக்கு மேல் அப்பெயர் பெற்றுவிடும். முனிவர் தாம் வந்த மரபிலிருந்து கொண்டுவந்தது அணியை அன்று; வடிவத்தின் மேல் வைத்த நம்பிக்கையை. கட்டு இறுகும்தோறும் உணர்வு கூர்மையாகும் என்னும் அந்நம்பிக்கை பாக்குக்கும் உண்டு, விருத்தத்தில் சந்தம் பிசகாமல் எழுதுபவர்க்கும் உண்டு. 1730இல் அவர் இயற்றிய தொன்னூல் விளக்கம் எழுத்து, சொல், பொருளோடு யாப்பையும் அணியையும் சேர்த்து ஐந்திலக்கணமும் உரைப்பது. காப்பியம் பாடியபின் அதன் கருவிகளை முறைப்படுத்தி வைத்தவர் அவர்.

அரியலூர்ப் பகுதி அவருக்கு அமைதியான ஆசிரமமாக மட்டும் இருக்கவில்லை. அரியலூர்ப் பாளையக்காரரான மழவராயரின் கடும் நோயை முனிவர் தீர்த்தார் என்றும், அதற்கு நன்றியாகத் திருக்காவலூர்க் கோயிலுக்கு நிலம் கிடைத்தது என்றும் ஊர் மரபு கூறும். சந்தா சாகிபிடம் அவர் திவானாக இருந்தார் என்னும் கதையை ஆய்வாளர் பலர் ஐயுறுவர். அச்சந்தா சாகிபின் படை பின்னர் 1751இல், பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரத்தில், ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அருகே போரிட்டது. முனிவரின் கடைசி ஆண்டுகளிலும் இந்நிலம் படைகள் நடந்த நிலமே.

காப்பியம் புலவர்க்கு உரியது. அறுவடைக்குப் போகும் பெண்கள் விருத்தம் பாடுவதில்லை. முனிவர் அதனையும் உணர்ந்திருந்தார் என்பதற்குக் கித்தேரி அம்மாள் அம்மானை சான்று. அம்மானை ஊர்ப்பெண்கள் விளையாட்டில் பிறந்த ஓசை. அந்த ஓசையில் ஒரு புனிதையின் வரலாற்றை அமைத்தது, லூத்தர் விடுகதை மெட்டில் வானவனை அமைத்த செயலுக்கு உடன்பிறப்பு. லூத்தரின் வழியினரை எதிர்த்து நூல் எழுதிய முனிவர்க்கு இவ்வொப்பீடு உவப்பாக இராது. இருந்தாலும் மக்கள் வாயில் வழங்கும் ஓசைதான் விழாவைச் சுமக்கும் என்பதை இருவரும் ஒருவாறே கண்டனர்.

லூத்தரின் வழியினர் அப்போது தொலைவில் இல்லை. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியிருந்தார். அவருக்குப் பின் வந்தோர் ஜெர்மானிய மெட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றுக்குத் தமிழ்ச்சொல் பொருத்தினர். 1740இல் இந்தியா வந்த ஃபெப்ரீஷியஸ் அப்பணியில் சிறந்து விளங்கினார். அவருடைய ஞானப்பாட்டுகள் லுத்தரன் திருச்சபைகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வருகின்றன. ஆகவே பாக் ஆர்கனில் பின்னிக்கொண்டிருந்த மெட்டு மரபு, அவர் வாழ்நாளிலேயே காவிரி கடலோடு கலக்கும் நாட்டில் தமிழ் வாயில் ஒலித்துக்கொண்டிருந்தது. இசை வரலாற்றில் இது போதிய அளவு பேசப்படாத செய்தி.

ஆனால் கவிதை நோக்கில் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. முன்னர்க் கூறிய கிறிஸ்துமஸ் மெட்டையே எடுத்துக்கொள்வோர்க்கு அது விளங்கும். அதன் ஒவ்வோர் அடியும் அழுத்தமில்லாத ஓர் அசையில் தொடங்கி, இரண்டாம் அசையில் தட்டு விழுமாறு அமைந்தது. ஜெர்மானிய மொழியில் அடியின் முதலில் இடைச்சொல் ஒன்று வந்து நிற்பது இயல்பு. அதன்மேல் பாரம் விழ வேண்டியதில்லை. தமிழில் அடியின் முதலெழுத்து மோனையின் இருப்பிடம். இரண்டாம் எழுத்து எதுகையின் இருப்பிடம். சீரின் தலையிலேயே பாரம் இருக்கிறது. அத்தகைய தலையை எடுத்துத் தட்டில்லாத இடத்தில் வைத்தால் சொல் தடுமாறும். குறிலை நீட்டவும் நெடிலைக் குறுக்கவும் நேரிடும். தட்டுக்கு முன் எடுக்கும் அதீத எடுப்பு தமிழிசைக்குப் புதிதன்று. ஆயினும் அங்கே பாடகர் சொல்லுக்கு ஏற்ப இடம் விட்டு எடுக்கிறார். அடிதோறும் எட்டு அசை என்று வரையறுத்த மெட்டில் அந்த உரிமை இல்லை. ஞானப்பாட்டுகளின் தமிழ் சில இடங்களில் கரடுமுரடாகத் தோன்றுவதற்கு ஆசிரியரின் தமிழறிவுக் குறைவு மட்டும் காரணம் என்று கொள்வது நேர்மையாகாது. மெட்டின் கட்டும் ஒரு காரணம்.

இரு தரப்பாரும் கடுமையாக வாதிட்டனர். முனிவர் லுத்தேரினத்தியல்பு எழுதினார். ஆனால் 1738இல் முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணத்தைத் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சிட்டவர்கள் அவ்வெதிர்த்தரப்பினரே. கொள்கையில் பகைவராயினும், தமிழ் கற்பதற்கு அவருடைய நூல் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இச்சிக்கலுக்கு ஒரு விடை கொள்ளிடத்தின் தென்கரையிலிருந்து வந்தது. தரங்கம்பாடியாரிடம் கற்று, தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னரின் அவையில் விளங்கிய வேதநாயகம் சாஸ்திரியார் கிறிஸ்து பிறந்த ஊரையே பெத்லகேம் குறவஞ்சியாகப் பாடினார். 1774 முதல் 1864 வரை வாழ்ந்த அவர், தமிழ்ச் சொல்லுக்குத் தமிழ் இராகமும் தாளமும் தந்தார். முனிவரின் சொல்லுரிமையும் தரங்கம்பாடியாரின் கூட்டுப்பாட்டும் அவரிடம் ஒன்றாயின. அவருக்குப்பின் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டு, மேலையிசையும் அறிந்த ஒருவர் தமிழிசையின் சுருதிகளை எவ்வாறு ஆராய்வார் என்பதைக் காட்டினார். பாக்கின் பின்னல் முறை தமிழ் மண்ணில் வெளிப்படையாகப் பேசப்பட இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பில் பாக்கைப் பெயர் சொல்லி அழைத்து, கருநாடக இசையையும் பரோக் பின்னலையும் ஒரே அரங்கில் உட்கார வைத்தார்.

தமிழ்க் கிறிஸ்துமஸ் மெட்டு ஒன்றை எடுத்துப் பரோக் முறையில் ஆர்கனுக்கு இயற்ற முற்படுவோர் எதனைத் தேர்ந்தெடுப்பர் என்பது எளிய வினாவன்று. கமகம் மிகுந்த கீர்த்தனையின் மெட்டைக் கட்டைகளில் அடக்கினால் அதன் உயிர் நழுவும். கட்டை ஒரு சுரத்தைப் பிடிக்கும்; இரண்டு சுரங்களுக்கு இடையே அசையும் கமகத்தைப் பிடிக்காது. அம்மானை, தாலாட்டு போன்ற அசைவு குறைந்த ஓசைகளே அதற்கு இடங்கொடுக்கும். ஒத்துப் போன்ற நிலைச்சுருதி கால்கட்டையில் நிற்க, மும்மூன்றாக அசையும் தாலாட்டு மேலே செல்லுமாயின், அது இத்தாலிய இடையர் இசைக்கு அயலாகத் தோன்றாது. அந்த முயற்சிக்கு வேண்டிய ஓசைகள் ஏலாக்குறிச்சி வட்டாரத்துப் பாட்டிமார் வாயில் இருப்பவையே.

இவற்றினும் கடினமான செய்தி ஒன்று எஞ்சுகிறது. பாக்கின் ஆர்கன் படைப்பில் சொல் இல்லை. கேட்ட ஒவ்வொருவருக்கும் பதினைந்து கண்ணிகளும் நெஞ்சில் இருந்தன. மெட்டு கால்கட்டையில் நுழைந்தவுடன் சொல் தானே எழுந்தது. தேம்பாவணியில் சுரம் இல்லை. விருத்தத்தை எடுத்தவுடன் அதற்கான பண்ணும் இழுப்பும் ஏடு படிப்போர் தொண்டையில் இருந்தன. இரு படைப்பும் தம்மில் பாதியைக் கேட்போரின் நினைவில் வைத்துவிட்டு எழுதப்பட்டவை. லைப்சிக்கின் நினைவு தப்பவில்லை, ஏனெனில் பாட்டுப்புத்தகம் அச்சில் இருந்தது. சிப்போலியின் தென் அமெரிக்க இசை பொலிவியா நாட்டுப் பழைய ஏடுகளில் நெடுங்காலம் உறங்கி, இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் ஒலித்தது; குறிப்பு இருந்ததால் அது இயன்றது. தேம்பாவணி நூறாண்டுக்கு மேல் ஓலையிலேயே இருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் புதுச்சேரியில் அச்சேறியது. 3615 பாடல்களும் அதில் வந்தன. எதுகையும் மோனையும் சந்தமும் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றன. மகவருள் படலத்தை முனிவரின் மாணவர்கள் எந்த இராகத்தில் எடுத்தார்கள், எந்தச் சீரில் நிறுத்தி மூச்சு வாங்கினார்கள் என்பதை மட்டும் அந்த அச்சு சொல்லவில்லை.